திரைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று: சென்டர் ஸ்பீக்கர் இரண்டு வைக்கலாமா?

எனக்கு வந்த கேள்வி இது. மாடி அறையில் 120 அங்குலத் திரை, புரொஜெக்டர். சோபா இரண்டு வரிசை. பின் வரிசை ஓர் அடி உயர மேடையில். வசனத்தைத் தரும் சென்டர் ஸ்பீக்கர் திரைக்குக் கீழே ஒரு ஸ்டாண்டில் படுத்திருக்கிறது. வசனம் நடிகரின் வாயிலிருந்து வராமல் அவர் காலடியிலிருந்து வருவது போல இருக்கிறது. பின் வரிசையில் ஓரத்தில் உட்காருபவர்களுக்குப் பேச்சு தெளிவாகவும் இல்லை. அதே மாடலில் இன்னொரு சென்டர் வாங்கித் திரைக்கு மேலே மாட்டி, இரண்டையும் ஏவிஆரின் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ரிசீவர்) ஒரே சென்டர் டெர்மினலில் கொடுத்துவிட்டால் குரல் திரையின் நடுவில் வந்து நிற்காதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். உங்கள் இரண்டு குறைகளும் உண்மையானவை. ஆனால் இரண்டாவது பெட்டி முதல் குறையைப் பெரும்பாலும் தீர்க்காது, இரண்டாவது குறையை இன்னும் மோசமாக்கும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், நீங்களே டேப் வைத்து அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வரும்போது, இரண்டும் உங்கள் காதுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று சற்றுத் தாமதமாக வந்தால்தான் வம்பு. ஒலி அலை என்பது காற்றில் அழுத்தம் கூடுவதும் குறைவதும்தானே. ஒரு ஸ்பீக்கரின் கூடுகிற பாதியும் மற்றதன் குறைகிற பாதியும் ஒரே சமயத்தில் வந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எந்த அதிர்வெண்ணில் இது நடக்கும் என்பதைத் தூர வித்தியாசம் தீர்மானிக்கிறது. நம் அறை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர். அதைத் தூர வித்தியாசத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஒலி இப்படி அழியும் முதல் அதிர்வெண், அதாவது முதல் பள்ளம், கிடைக்கும். பிறகு அதன் 3 மடங்கில், 5 மடங்கில், 7 மடங்கில் பள்ளம் பள்ளமாகப் போய்க்கொண்டே இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் சீப்பின் பற்கள் போல இருக்கும், அதனால் இதைக் கோம்ப் ஃபில்டரிங் என்பார்கள்.

உங்கள் அறைக்கு வருவோம். 120 அங்குல 16:9 திரையின் உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். கீழ் சென்டரின் ட்வீட்டர் (உயர் ஒலியைத் தரும் சின்ன பாகம்) தரையிலிருந்து 55 சென்டிமீட்டரில், மேலே மாட்டப்போவது 2.4 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் வரிசை திரையிலிருந்து 3 மீட்டர், உட்கார்ந்தால் காது 1 மீட்டர் உயரம். கீழ் ஸ்பீக்கர் காதிலிருந்து 3.03 மீட்டர், மேல் ஸ்பீக்கர் 3.31 மீட்டர். வித்தியாசம் 28 சென்டிமீட்டர். முதல் பள்ளம் 616 ஹெர்ட்ஸில் விழும். அடுத்தது 1,850 அருகே, அதற்கடுத்தது 3,080 அருகே. மனிதக் குரலின் உயிர் ஒலிகள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்வதும், ச, த, ப போன்ற மெய்கள் பிரிந்து கேட்பதும் பெருமளவு இந்த எல்லைக்குள்தான். மூன்று பள்ளமும் அங்கேயே விழுகின்றன.

"கீழ் ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால்?" என்று அடுத்து கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 28 சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தால் முன் வரிசையின் நடு இருக்கைக்கு எல்லாம் சரியாகிவிடும். இப்போது பின் வரிசைக்குப் போங்கள். தூரம் 4.5 மீட்டர், மேடையால் காது 1.3 மீட்டரில். அங்கே இரண்டு ஸ்பீக்கருக்கும் இயற்கையான தூர வித்தியாசம் 7 சென்டிமீட்டர்தான். தாமதமே இல்லாதபோது முதல் பள்ளம் 2,460 ஹெர்ட்ஸில் இருந்திருக்கும். நீங்கள் முன் வரிசைக்காகக் கொடுத்த 28-ல் 7 போக 21 சென்டிமீட்டர் எதிர்ப்பக்கமாக மிஞ்சுகிறது. பள்ளம் 820 ஹெர்ட்ஸுக்கு இறங்கி வந்துவிடும். முன்னால் ஒட்டுப்போட்டால் பின்னால் கிழிகிறது. ஒரே வரிசை உள்ள அறையில் தாமதம் பலிக்கும். இரண்டு வரிசை உள்ள அறையில் பலிக்காது.

இதை ஈக்வலைசரால் நிரப்பவும் முடியாது. மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் தானாகச் சரிசெய்யும் ஆடிஸி, டிராக் போன்ற கேலிபரேஷன்கள் அந்தப் பள்ளத்தில் எவ்வளவு தூக்கிக் கொடுத்தாலும் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே ஒன்றை ஒன்று அழிக்கும். மைக்கை ஒரு ஜாண் நகர்த்தினால் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும்.

அப்புறம், குரல் திரைக்கு நடுவே ஏறுமா என்பது. இட வலத்தை நாம் அறிவது இரண்டு காதுகளுக்கும் இடையிலான நேர, அளவு வித்தியாசத்தால். மேல் கீழை அறிவதற்கு அந்த வழி உதவாது, ஏனென்றால் நேர் எதிரே மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது. அங்கே காதுமடலின் மடிப்புகள்தான் வேலை செய்கின்றன, அதுவும் உயர் அதிர்வெண்களில். அதனால் இடப்பக்க ஸ்பீக்கரும் வலப்பக்க ஸ்பீக்கரும் சேர்ந்து நடுவில் ஒரு குரலை நிறுத்துவது போல, மேலும் கீழும் சேர்ந்து நடுவில் அவ்வளவு உறுதியாக நிறுத்தாது. அதோடு, முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை நம்பும் என்பதை ஒலி ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949-லேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். உங்கள் முன் வரிசையில் கீழ் ஸ்பீக்கர் 0.8 மில்லிசெகண்ட் முந்தி வருகிறது. ஆகவே மேலே ஒன்றை மாட்டிய பிறகும் குரல் பெரும்பாலும் காலடியிலேயே இருக்கும். தெளிவு மட்டும் போயிருக்கும்.

இரண்டு சென்டரை டிவியின் கீழே இட வலமாக வைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். திருச்சியில் என் சித்தப்பா வீட்டில் அதைத்தான் செய்திருந்தார்கள். கடையில் சொன்னார்கள் என்று 75 அங்குல டிவிக்குக் கீழே, அலமாரியின் இரு முனையிலும் ஒவ்வொரு சென்டர். இரண்டுக்கும் நடுவே 1.2 மீட்டர். சோபாவின் நடுவில் உட்கார்ந்து கேட்ட தம்பிக்கு எல்லாம் அருமையாக இருந்தது. சித்தி எப்போதும் இடது ஓரத்தில், ஃபேனுக்கு நேராக உட்காருவார். "எனக்கு மட்டும் டப்பாவுக்குள்ளிருந்து பேசுற மாதிரியே இருக்கு" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். காது டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட வீட்டில் பேச்சு. நான் போய் சித்தியின் இடத்தில் உட்கார்ந்து அளந்தேன். இடது பெட்டி 3 மீட்டர், வலது பெட்டி 3.23 மீட்டர். பள்ளம் 750 ஹெர்ட்ஸ். ஒரு பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, மற்றதை நடுவில் நகர்த்தி, ஏவிஆரில் சென்டர் அளவை உயர்த்தினேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்த சித்தி, "இப்ப என்னடா மாத்தின?" என்றார்.

இதை உங்கள் காதாலேயே கேட்டுப் பார்க்க முடியும். தெரிந்தவர் யாரிடமாவது அதே மாதிரி ஒரு சென்டரை ஒரு மாலைக்கு இரவல் வாங்குங்கள். ஏவிஆரின் டெஸ்ட் டோனை, அந்த "ஷ்ஷ்ஷ்" சத்தத்தை, சென்டரில் மட்டும் ஓட விடுங்கள். ஒரே ஸ்பீக்கரோடு கேட்டுக்கொண்டே தலையை மெதுவாக இடமும் வலமும், பிறகு முன்னும் பின்னும் சாயுங்கள். சத்தம் பெரும்பாலும் மாறாது. இரண்டையும் இணைத்துவிட்டு அதே போல அசையுங்கள். சத்தத்துக்குள் ஏதோ ஒன்று ஏறி இறங்கும், ஒரு குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே அதன் நீளத்தை மாற்றுவது போல. கணக்கை மறந்துவிட்டாலும் அந்த ஊளையை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

வயரிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே டெர்மினலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாகக் கொடுத்தால் ஆம்ப்புக்கு அது 4 ஓம் சுமை. இரண்டு 6 ஓம் என்றால் 3 ஓம். பெட்டியில் போட்டிருக்கும் ஓம் ஒரு பெயரளவு எண்தான், சில அதிர்வெண்களில் அதற்கும் கீழே இறங்கும். பின்புறம் "6 முதல் 16 ஓம்" என்று அச்சிட்டிருக்கும் ஏவிஆர் அந்தச் சுமையில் சூடாகி, சத்தமான காட்சியில் புரொடெக்ஷனுக்குப் போய் அணைந்துவிடக்கூடும். நம் சித்திரை வெயிலில் மாடி அறையில் கேட்கவே வேண்டாம். சீரிஸில் கொடுத்தால் 16 ஓம், ஆம்ப்புக்கு ஆபத்தில்லை, ஆனால் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஒழுங்கான வழி என்றால், ஏவிஆரின் சென்டர் ப்ரீ-அவுட்டிலிருந்து (பெருக்காத ஒலி வெளிவரும் சாக்கெட்) எடுத்து, மினிடிஎஸ்பி 2x4 மாதிரி ஒரு கருவியில் தனித்தனித் தாமதம் கொடுத்து, இரண்டு சேனல் பவர் ஆம்ப்பில் ஓட்டுவது. எப்படி இணைத்தாலும் ஒரு பெட்டியின் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் குரலே உள்ளீடற்றுப் போகும். அதை முதலில் பாருங்கள்.

"தியேட்டரில் திரைக்குப் பின்னால் வரிசையாக வைத்திருக்கிறார்களே?" என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஒலியைத் தருகின்றன. இந்தக் கதை 1933-ல் தொடங்குகிறது. அந்த ஏப்ரலில் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் குழுவும் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் கேட்க வைத்தார்கள். அங்கே மேடையில் மூன்று ஸ்பீக்கர் தொகுதி, மூன்று தனி மைக், மூன்று தனிக் கம்பி. நடு ஸ்பீக்கர் ஏன் வேண்டியிருந்தது? இரண்டு மட்டும் வைத்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நடுவில் இருக்க வேண்டிய ஒலி பக்கத்து ஸ்பீக்கருக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். சென்டர் என்ற ஒன்று பிறந்ததே, குரல் எல்லா இருக்கைக்கும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்பதற்காகத்தான். அதையே இரண்டாக்கினால் பிறந்த காரணத்தையே எடுத்துவிடுகிறோம்.

பிறகு 1952-ல் சினிரமா, 1955-ல் டாட்-ஏஓ 70 எம்எம், 1993-ல் சோனியின் எஸ்டிடிஎஸ் என்ற திரையரங்க முறைகள் எல்லாம் திரைக்குப் பின்னால் ஐந்து சேனல் வைத்தன: இடது, இடது-நடு, நடு, வலது-நடு, வலது. மிக அகலமான திரையில் ஒருவர் பேசிக்கொண்டே நடந்தால் குரலும் கூடவே நடக்க வேண்டும் என்பதற்காக. இன்றைய வீட்டுச் சுற்றொலி முறையான டால்பி அட்மாஸிலும் இடது-நடு, வலது-நடு என்ற இடங்கள் இருக்கின்றன, உச்சமாக 24.1.10 வரை (சுற்றிலும் 24, சப்வூஃபர் 1, உயரத்தில் 10) போகலாம். ட்ரின்னாவ் போன்ற விலையுயர்ந்த பிராசசர்கள் அந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் தனி சிக்னல் கணக்கிட்டுக் கொடுக்கும். கடைகளில் நாம் வாங்கும் சாதாரண ஏவிஆரில் அது கிடையாது. அதிலிருந்து நகல்தான் எடுக்க முடியும்.

சரி, உங்கள் குறைகளுக்கு என்ன வழி?

பின் வரிசை ஓரத்தில் தெளிவில்லை என்பதில் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இப்போது இருக்கும் பெட்டி மேலேயே. படுத்திருக்கும் சென்டர்களில் பெரும்பாலானவை நடுவில் ட்வீட்டர், இருபுறமும் ஒவ்வொரு வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய பாகம்). ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஜோசப் டி'அப்பொலிட்டோ 1983-ல் விளக்கிய அமைப்பின் சாயல் அது. ஆனால் அவர் சொன்னது நின்ற நிலைக்கு. அதையே டிவிக்குக் கீழே அடங்கட்டும் என்று படுக்க வைத்தால், ஒரே பெட்டிக்குள்ளேயே இரண்டு சென்டர் பிரச்சினை வந்துவிடுகிறது. வூஃபர்களுக்கு இடையே 40 சென்டிமீட்டர் என்றால், நடுக்கோட்டிலிருந்து 25 டிகிரி விலகி உட்காருபவருக்குத் தூர வித்தியாசம் 17 சென்டிமீட்டர், பள்ளம் 1,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. இரண்டு வூஃபரும் அந்த எல்லைவரை சேர்ந்து பாடினால் ஓரத்து இருக்கை கெட்டது. பெட்டியின் ஜாலியைக் கழற்றிப் பாருங்கள். ட்வீட்டருக்கு நேர் மேலேயோ கீழேயோ நடு அதிர்வெண்ணுக்கான ஒரு சின்ன மிட்ரேஞ்ச் இருந்தால் அது மூன்று வழி சென்டர். வூஃபர்கள் தாழ்ந்த அதிர்வெண்ணோடு ஒதுங்கிக்கொள்ளும், ஓரத்திலும் நன்றாக இருக்கும். வெறும் வூஃபர், ட்வீட்டர், வூஃபர் என்றால், இரண்டாவது பெட்டிக்கு வைத்திருக்கும் பணத்தை ஒரு மூன்று வழி சென்டரில் போடுங்கள். முன் இடது வலது ஸ்பீக்கர்கள் அலமாரியில் வைக்கும் அளவுள்ள புக்‌ஷெல்ஃப் என்றால் அதே மாடலில் ஒன்றை நடுவில் நிற்க வைப்பது அதைவிடவும் நல்லது. பார்ப்பதற்கு அழகில்லை என்று தயங்காதீர்கள், விளக்கை அணைத்தபின் தெரியாது.

உயரப் பிரச்சினைக்குச் செலவே இல்லாத வழி முதலில். ஸ்பீக்கரின் முன் விளிம்பு ஸ்டாண்டின் விளிம்போடு ஒட்டி இருக்கட்டும், உள்ளே தள்ளி வைக்காதீர்கள். முன்பக்கத்தின் அடியில் கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பு ஒன்றைச் செருகி, ட்வீட்டர் இரண்டு வரிசைகளின் காதுகளுக்கு நடுவே பார்க்கும்படி நிமிர்த்துங்கள். செல்போன் டார்ச்சை ஸ்பீக்கர் மேல் அதே சாய்வில் வைத்து வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தால் கோணம் சட்டென்று தெரிந்துவிடும். மேல் கீழ் விஷயத்தில் காதைவிடக் கண்ணுக்கு மூளை அதிக மதிப்பு கொடுக்கும். பேசும் பொம்மை நிகழ்ச்சியில் குரல் பொம்மையின் வாயிலிருந்தே வருவதாக நாம் நம்புவது இதனால்தான். ஸ்பீக்கர் சரியாக நிமிர்ந்து, உயர் ஒலி நேராகக் காதுக்கு வந்தால், கால் மணி நேரத்தில் குரல் வாயோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்படியும் ஒட்டவில்லை என்றால், இருக்கிற ஒரே பெட்டியை ஒரு மாலைக்கு மேலே கொண்டுபோய்க் கீழ்நோக்கிச் சாய்த்துக் கேளுங்கள். ஏணியும் ஒரு பலமான பலகையும், பிடித்துக்கொள்ள ஒருவரும் போதும். சிலருக்கு மேலிருந்து வருவது இயல்பாக இருக்கும், முன்வரிசைத் தலைகள் பின்வரிசையை மறைக்காது என்பதும் ஒரு லாபம். பிடித்தால் அங்கேயே மாட்டிவிடுங்கள். யமஹா ஏவிஆர்களில் டயலாக் லிஃப்ட் என்று ஒரு வசதி உண்டு. முன்புறம் உயரத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்தால் சென்டர் ஒலியில் ஒரு பங்கை அங்கே அனுப்பும். உங்களிடம் அது இருந்தால் சிறிய அளவில் முயன்று பாருங்கள், ஆனால் மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும்.

புரொஜெக்டர் வைத்திருப்பதால் டிவிக்காரர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது: ஒலி ஊடுருவும் திரை. நெய்த துணியிலோ நுண் துளைகளோடோ வரும். அதற்குப் பின்னால் சென்டரைத் திரையின் நடு உயரத்தில், நடிகரின் முகத்துக்குப் பின்னாலேயே நிறுத்திவிடலாம். தியேட்டரில் நடப்பது இதுதான். உயர் அதிர்வெண்களில் சில டெசிபெல் இழப்பு இருக்கும், கேலிபரேஷன் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டும். திரைக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி வேண்டும், பின்சுவரைக் கருப்பாக்க வேண்டும். அறையின் ஆழத்தில் ஒன்றரை அடி போய்விடும். இரண்டாவது சென்டர், பவர் ஆம்ப், மினிடிஎஸ்பி என்று கூட்டிப் பார்த்தால் வரும் தொகைக்குப் பல சமயம் இந்தத் திரையே வந்துவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

அறையையும் கவனியுங்கள். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவரும் கூரையும் கான்கிரீட், எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். ஸ்பீக்கருக்கும் முன் வரிசைக்கும் நடுவே தடிப்பான ஜமுக்காளமோ கார்ப்பெட்டோ விரித்தாலே பேச்சு கூர்மையாகும். கண்ணாடி போட்ட டீப்பாய் நடுவில் இருந்தால் அது ஒரு இரண்டாவது சென்டர் போலத்தான் வேலை செய்யும். நேராக வரும் ஒலியும் கண்ணாடியில் பட்டு வரும் ஒலியும் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மோதும். படம் பார்க்கும்போது ஓரமாகத் தள்ளிவிடுங்கள். ஏவிஆரில் சென்டரின் கிராஸ்ஓவர் (அதற்குக் கீழுள்ள ஒலியை சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லை) 80 ஹெர்ட்ஸாக இருக்கட்டும், கேலிபரேஷன் முடிந்தபின் சென்டரை மட்டும் 2 டெசிபெல் கூட்டிப் பாருங்கள்.

எல்லாம் செய்த பிறகு சோதிக்கப் படம் போடாதீர்கள், பின்னணி இசை ஏமாற்றும். ஒரு தமிழ்ச் செய்தி வாசிப்பைப் போட்டு, ஒவ்வோர் இருக்கையிலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ழகரமும் லகரமும் ளகரமும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். பின் வரிசையின் கடைசி இருக்கையில் வீட்டிலேயே வயதில் மூத்தவரை உட்கார வைத்துக் கேளுங்கள்.